பாட்டின் கீழே ஒரு வரி: மீதரவின் வரலாறு

புறநானூற்றின் 112ஆம் பாட்டு ஐந்தே அடிகளால் ஆனது. இரண்டு நிலாக்காலங்களை அது அருகருகே வைக்கிறது. முன்னைய நிலவில் தந்தையும் இருந்தார், குன்றும் கையில் இருந்தது. இன்றைய நிலவில் இரண்டும் இல்லை. இதைக் கேட்ட மாத்திரத்தில் தமிழ் படித்த எவருக்கும் பாரி நினைவுக்கு வருகிறான். பறம்பு மலையும், மூவேந்தர் முற்றுகையும், ஆதரவற்று நின்ற பெண்மக்களும் நினைவுக்கு வருகின்றனர். ஆயினும் பாட்டைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்ப்போருக்கு ஓர் உண்மை விளங்கும். அதனுள் பாரியின் பெயர் இல்லை. பறம்பின் பெயரும் இல்லை. பாடியவர்கள் பெண்கள் என்பதற்குக்கூட அகச்சான்று கிடையாது. இவற்றையெல்லாம் நமக்குத் தருவது பாட்டுக்கு வெளியே, அதன் கீழே அமைந்த ஒரு சிறு குறிப்பு. திணை பொதுவியல், துறை கையறுநிலை, பாடியோர் பாரி மகளிர்.

அந்த ஒரு வரியைச் செல் அரித்திருந்தால், ஐந்தடிப் பாட்டும் முழுமையாகவே நம் கைக்கு வந்திருக்கும். ஓர் எழுத்தும் குறைந்திராது. ஆனால் அது யாரோ ஒரு தலைவனை இழந்த யாரோ சிலரின் புலம்பலாக மட்டுமே நின்றிருக்கும்.

பாட்டு ஒன்று, பாட்டைப் பற்றிய செய்தி மற்றொன்று. இந்த இரண்டாவதைத்தான் கணினித் துறையினர் மெட்டாடேட்டா என்கின்றனர். தமிழில் மேல்நிலைத் தரவு என்றும் மீதரவு என்றும் வழங்குகிறது. இக்கட்டுரையில் நாம் மீதரவு என்றே குறிப்போம். சொல் புதியது. நிரலாக்க மொழிகளைப் பற்றி 1968இல் பிலிப் பாக்லி எழுதிய நூலில் அது இடம்பெற்றது. சொல் குறிக்கும் செயலோ ஏடுகளின் காலத்திலிருந்து வருவது. இன்று நாள்தோறும் நாம் உருவாக்கும் மின்னூல்களிலும் ஒளிவருடிய பக்கங்களிலும் இச்செயல் எவ்வாறு நடைபெறுகிறது, எங்கே தவறிப்போகிறது என்பதைக் காண்பதற்கு முன், நம் முன்னோர் அதனை எவ்வாறு செய்தனர் என்று பார்ப்பது பயனுடையது.

தொகுத்தோர் விட்டுச் சென்றவை

சங்கப் பாடல்களின் தொகை 2381 என்பர். பெயர் அறியப்பட்ட புலவர் 473 பேர். ஆசிரியர் பெயர் தெரியாத பாடல்கள் 102. இந்தக் கணக்கைப் போட முடிவதே பாடல்தோறும் குறிப்பு எழுதி வைத்தவர்களால்தான். அக்குறிப்புகளைத் தொகுத்தவர்களே எழுதினரா, பின்வந்தோர் சேர்த்தனரா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எவர் எழுதியிருப்பினும் அவை ஒரே அச்சில் வார்க்கப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு தொகைநூலும் தன் இயல்புக்கேற்பத் தனக்குரிய விவரங்களைத் தேர்ந்துகொண்டது.

பரிபாடல் இசைப்பாடல்களின் தொகுப்பு. ஆகவே அதன் குறிப்பில் பாடியவர் பெயருடன் இசை வகுத்தவர் பெயரும் பண்ணின் பெயரும் உண்டு. கண்ணனாகனார், பெட்டனாகனார் போன்ற இசையாசிரியர்களை நாம் அறிவது இக்குறிப்புகளால்தான். அவர்கள் வகுத்த இசை மறைந்துவிட்டது. பெயர்கள் மட்டும் எஞ்சின. பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பாட்டுக்கும் துறை, வண்ணம், தூக்கு, பாட்டின் பெயர் என நான்கு விவரங்கள் தரப்படுகின்றன. பத்துப் பாட்டுகளின் முடிவில் வரும் பதிகம் அரசன் யார், பாடிய புலவர் யார், பெற்ற பரிசில் யாது என்பவற்றைச் சொல்கிறது. செல்வக் கடுங்கோ வாழியாதன் கபிலருக்கு நூறாயிரம் காணம் அளித்ததும், குன்றின்மேல் ஏறி நின்று கண்ணில்பட்ட நாட்டையெல்லாம் வழங்கியதும் பதிகம் சொல்லித் தெரிந்தவை.

அகநானூற்றைத் தொகுத்தவர் இன்னும் ஒரு படி மேலே சென்றார். அவர் பாடலின் வரிசை எண்ணையே குறிப்பாக மாற்றினார். ஒற்றைப்படை எண் பெற்ற பாடல்கள் எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி, நான்கில் முடிவன முல்லை, ஆறில் முடிவன மருதம், பத்தின் மடங்குகள் நெய்தல். நானூறு பாடல்களில் பாலை 200, குறிஞ்சி 80, ஏனைய மூன்றும் நாற்பது நாற்பது என்ற கணக்கு இதனால் அமைகிறது. ஓர் ஏடு இடம் மாறிக் கோக்கப்பட்டாலும், பாட்டின் திணை அதன் எண்ணைக் காட்டிக்கொடுக்கும். எண் அதன் திணையைக் காட்டிக்கொடுக்கும். கோப்பு சிதையாமல் வந்து சேர்ந்ததா என்று அறியக் கணினியில் சரிபார்ப்பு எண் சேர்க்கும் முறையைக் கற்றவர்களுக்கு இதன் அருமை எளிதில் விளங்கும்.

இத்தனை விழிப்புடன் இருந்தும் இழப்பு நேர்ந்தது. குறுந்தொகையில் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், குப்பைக்கோழியார், ஓரேருழவனார் என்று பல பெயர்களைக் காண்கிறோம். இவை பெற்றோர் இட்ட பெயர்கள் அல்ல. இயற்பெயர் தெரியாமற் போனபின், பாட்டில் உள்ள அழகிய தொடரையோ உவமையையோ எடுத்து அதன் ஆசிரியருக்கே பெயராகச் சூட்டினர். பெயரற்றவர் என்று எழுதிவிட்டு நகராமல், பாட்டைக் கொண்டே பாடியவருக்கு முகம் கொடுத்த இச்செயல் நெகிழ்ச்சி தருவது. எனினும் அம்மனிதர் எந்த ஊரினர், எவர் மகன், ஆணா பெண்ணா என்பவை மீளவேயில்லை. உவமையின் அழகு அந்த வெற்றிடத்தை மூடி நிற்கிறது; நிரப்பவில்லை.

ஏட்டுச்சுவடியில் முதலில் ஒடிவன முதல் ஏடும் கடைசி ஏடும். நூலின் பெயரும் எழுதியவர் பெயரும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. புறநானூற்றைத் தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்பது தெரியவில்லை. ஆனால் அதே புறநானூற்றில் பாட்டுக்குப் பாட்டு எழுதப்பட்ட குறிப்புகள் பெருமளவு பிழைத்தன. நூல் முழுமைக்கும் ஒரே இடத்தில் எழுதப்பட்ட விவரம் அந்த இடத்தோடு அழிந்தது. பாட்டோடு ஒட்டி எழுதப்பட்ட விவரம் பாட்டுள்ளவரை நின்றது. மீதரவைப் பற்றி அறிய வேண்டிய முதற்பாடம் இதுவே.

இப்பாடத்தின் பயனை 1940இல் தமிழுலகம் கண்டது. சைவ சித்தாந்த மகா சமாஜம் வெளியிட்ட சங்க இலக்கியப் பதிப்பில் எஸ். வையாபுரிப் பிள்ளை பாடல்களைத் தொகைநூல் வரிசையில் தராமல் புலவர் வரிசையில் தந்தார். கபிலர் பாடியவை ஒருங்கே, பரணர் பாடியவை ஒருங்கே வாசிக்கக் கிடைத்தன. கணினியில் ஒரு பொத்தானை அழுத்தி ஆசிரியர் பெயர்வாரியாகப் பட்டியலை அடுக்குகிறோமே, அதே வேலைதான். கணினி இல்லாக் காலத்தில் அது நடந்தேறியதற்குக் காரணம், பாட்டின் கீழே அந்த ஒரு வரி எழுதப்பட்டிருந்தது.

பாயிரம் கேட்ட பதினொன்று

நூலுக்கு முன்னே என்னென்ன விவரங்கள் இருக்கவேண்டும் என்று இலக்கணமே வகுத்தவர்கள் தமிழர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் சீயகங்கன் வேண்டுகோளின்படி பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், சிறப்புப்பாயிரத்துக்கு எட்டுச் செய்திகளைக் கூறுகிறது. ஆக்கியவன் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, கூறும் பொருள், கேட்போர், பயன் ஆகியவை அவை. இங்கே யாப்பு என்பது செய்யுள் இலக்கணத்தைக் குறிப்பதன்று. நூல் தொகுக்கப்பட்டதா, விரிக்கப்பட்டதா, இரண்டும் கலந்ததா, மொழிபெயர்க்கப்பட்டதா என்ற ஆக்க முறையைக் குறிப்பது. காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துப் பதினொன்றாகக் கொள்வோரும் உண்டு என்கிறது நன்னூல்.

1995ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்தில் உள்ள டப்ளின் என்ற ஊரில் நூலகர்களும் கணினி அறிஞர்களும் கூடினர். இணையத்தில் பெருகிவந்த ஆவணங்களை அடையாளப்படுத்தக் குறைந்த அளவு எந்த விவரங்கள் தேவை என்று அவர்கள் ஆராய்ந்தனர். அதன் விளைவாக உருவானது டப்ளின் கோர் என்னும் தகுதரம். அது பின்னர் பதினைந்து உறுப்புகளாக நிலைபெற்று, 2003இல் உலகத் தரநிர்ணய அமைப்பின் ஏற்பையும் பெற்றது. தலைப்பு, ஆக்கியோர், பொருள், விவரிப்பு, வெளியீட்டாளர், பங்களித்தோர், நாள், வகை, வடிவம், அடையாள எண், மூலம், மொழி, தொடர்பு, எல்லை, உரிமை ஆகியவை அப்பதினைந்து.

இரு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வியப்பு எழுவது இயல்பு. ஆக்கியோன், நூற்பெயர், பொருள், காலம், எல்லை ஆகியவை இரண்டிலும் உண்டு. வழி என்பது மூலமும் தொடர்புமாகப் பிரிந்திருக்கிறது. கேட்போர் என்பது பதினைந்தில் இல்லை; டப்ளின் கோர் அமைப்பினர் பிற்பாடு அதனைக் கூடுதல் உறுப்பாகச் சேர்த்துக்கொண்டனர். இதை வைத்து எல்லாம் நம்மிடமே முன்பே இருந்தன என்று மார்தட்டுவது பொருந்தாது. வெளியீட்டாளர், உரிமை, வடிவம், அடையாள எண் ஆகியவற்றின் தேவை பவணந்தியார் காலத்தில் எழவில்லை. பாயிரம் மனிதர் படிப்பதற்கு எழுதப்பட்டது. டப்ளின் கோர் பொறி படிப்பதற்கு எழுதப்பட்டது. நூலைத் திறப்பதற்கு முன் ஒருவர் கேட்கும் கேள்விகள் காலத்தால் அதிகம் மாறவில்லை என்பது மட்டுமே நாம் இதிலிருந்து பெறத்தக்க முடிவு.

நன்னூலின் மற்றொரு விதி இன்றைக்கும் சிந்திக்கத்தக்கது. பாயிரத்தை நூலாசிரியன் தானே எழுதிக்கொள்ளலாகாது. அவனுடைய ஆசிரியரோ, உடன் கற்றவரோ, மாணவரோ, தகுதியுள்ள உரைகாரரோ எழுதவேண்டும். நூலை அறிந்தவராகவும் நூலுக்கு வெளியே நிற்பவராகவும் இருப்பவரே அதைப் பற்றிச் சொல்லத் தக்கவர் என்பது கருத்து. குறிப்பு எழுதுவதை ஒரு பொறுப்பாகக் கருதிய மரபு இது.

அச்சும் சட்டமும்

அச்சு வந்தபின் குறிப்பு, முகப்புப் பக்கத்துக்கு இடம் பெயர்ந்தது. பதிப்பித்தவர், அச்சகம், ஊர், ஆண்டு ஆகிய விவரங்கள் அங்கே இடம்பெறலாயின. ஜான் மர்டாக் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1865இல் சென்னையில் வெளியிட்ட அச்சுத் தமிழ் நூல்களின் அட்டவணை, அதுவரை வெளிவந்தவற்றைப் பொருள்வாரியாக வகைப்படுத்தியது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் அச்சு வரலாற்றை எழுதப் புகுவோர் அதனைத் தவிர்க்க இயலாது.

இரண்டே ஆண்டுகளில் அரசும் இவ்வேலையில் இறங்கியது. 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூற்பதிவுச் சட்டம், அச்சிட்டவர் பெயரும் இடமும் ஒவ்வொரு நூலிலும் இருக்கவேண்டும் என்று கட்டாயமாக்கியது. நூலின் பெயர், மொழி, ஆசிரியர், பொருள், அச்சான இடம், நாள், பக்கம், அளவு, படிகளின் எண்ணிக்கை, விலை, உரிமையாளர் ஆகிய விவரங்கள் காலாண்டுப் பட்டியல்களாக அரசிதழில் வெளியாயின. 1857ஆம் ஆண்டு எழுச்சி நடந்து பத்தாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. எவர் எதை அச்சிடுகிறார் என்று கண்காணிக்கும் நோக்கம் அச்சட்டத்தில் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஆள்வோர் தம் அச்சத்தால் திரட்டிய அப்பட்டியல்களே இன்று ஆராய்ச்சியாளருக்குக் களஞ்சியமாக உள்ளன. ஓர் எளிய கதைப்பாடல் எத்தனை படிகள் அச்சாயிற்று, என்ன விலைக்கு விற்றது என்பதை அவற்றைக் கொண்டே சொல்ல முடிகிறது. அச்சட்டம் நம் காலம்வரை நீடித்து, 2023இல் இயற்றப்பட்ட புதிய சட்டத்தால் நீக்கப்பட்டது.

குறிப்பு தவறினால் என்ன ஆகும் என்பதற்கு நவீன இலக்கியத்திலும் சான்று உண்டு. புதுமைப்பித்தன் என்பது சொ. விருத்தாசலத்தின் புனைபெயர்களுள் ஒன்று, சொ.வி., ரசமட்டம் முதலிய வேறு பெயர்களிலும் அவர் எழுதினார். இதழ்களில் வந்த கதைகள் பின்னர் நூல்களாக வெளிவந்தபோது, எந்தக் கதை எந்த இதழில், எந்த நாளில், எந்தப் பெயரில் வந்தது என்ற விவரம் பெரிதும் விடுபட்டது. விளைவாக, அவருடைய எழுத்தின் வளர்ச்சியைப் பற்றிய வாதங்கள் ஊகங்களின்மேல் நின்றன. ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் வெளியான செம்பதிப்பு, கதைகளைக் காலவரிசையில் அடுக்கி முதல் வெளியீட்டு விவரங்களைத் தந்தது. கதை அச்சான நாளில் ஒரு வரியாக எழுதி வைத்திருக்கக்கூடியதை மீட்க, அரை நூற்றாண்டு கழித்து நூலகம் நூலகமாக இதழ்களைப் புரட்ட வேண்டியிருந்தது.

அட்டையிலிருந்து கோப்புக்கு

சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியராக இருந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனார். நூலக அறிவியலின் ஐந்து விதிகளை 1931இலும், கோலன் பகுப்பு முறையை 1933இலும், பட்டியலாக்க விதிகளை 1934இலும் வெளியிட்டார். ஒரு நூலைப் பற்றிய விவரத்தை எந்தெந்த முகங்களாகப் பிரித்தால் எப்பக்கத்திலிருந்து தேடிவரும் வாசகருக்கும் அது அகப்படும் என்பதே அவர் வாழ்நாள் ஆராய்ச்சி.

நூலக அட்டையைக் கணினி படிக்கும்படி செய்தவர் ஹென்றியட் அவ்ரம் என்ற அமெரிக்கப் பெண்மணி. நூலகப் பயிற்சி இல்லாத நிரலாளரான அவர், 1960களின் பிற்பகுதியில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் மார்க் என்னும் முறையை உருவாக்கினார். அட்டையிலுள்ள ஒவ்வொரு செய்திக்கும் மூன்றிலக்க எண் ஒன்று தரப்பட்டது. ஆசிரியருக்கு 100, தலைப்புக்கு 245 என்பன அவ்வெண்களுள் சில. அட்டையில் கண்ணால் பார்த்து நாம் உணர்ந்துகொள்வதைப் பொறிக்குப் பெயரிட்டுச் சொல்லவேண்டியிருந்தது.

அதுவரை குறிப்பு ஓரிடத்தும் நூல் ஓரிடத்துமாக இருந்தன. மின்கோப்பு வந்தபின் குறிப்பு மீண்டும் நூலுக்குள்ளேயே புகுந்தது. எம்.பி.3 இசைக்கோப்புகளுக்கு 1996இல் தோன்றிய ஐ.டி.3 என்ற முறை, கோப்பின் கடைசியில் 128 பைட்டுகளை ஒதுக்கி அதில் பாட்டின் பெயர், பாடியவர், தொகுப்பு, ஆண்டு ஆகியவற்றை எழுதியது. சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் பெயர் இருந்ததை இது நினைவூட்டுகிறது. ஒளிப்படக் கருவிகள் படம் எடுத்த நாளையும் நேரத்தையும் படத்துக்குள்ளேயே பதிக்கும் எக்சிஃப் முறை 1995இல் ஜப்பானில் உருவாயிற்று. 1993இல் வெளிவந்த பி.டி.எஃப். கோப்பில் தலைப்பு, ஆசிரியர், பொருள், திறவுச்சொற்கள், உருவாக்கிய மென்பொருள், நாள் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. அடோபி நிறுவனம் 2001இல் எக்ஸ்.எம்.பி. என்ற விரிவான முறையைக் கொண்டுவந்தது. நெடுங்காலப் பாதுகாப்புக்கென 2005இல் வரையறுக்கப்பட்ட பி.டி.எஃப்./ஏ வடிவத்தில் அத்தகைய மீதரவு கட்டாயம்.

இருந்தும் ஒரு விந்தை உண்டு. மின்னூல்களுக்குரிய இ-பப் வடிவம் டப்ளின் கோர் உறுப்புகளைத்தான் கையாள்கிறது. அதில் நூற்பெயர், அடையாள எண், மொழி ஆகிய மூன்றும் கட்டாயம். ஆசிரியர் பெயர் கட்டாயம் அன்று. எழுதியவர் பெயரே இல்லாத மின்னூலையும் பொறி குறையின்றி ஏற்றுக்கொள்ளும் என்பது இதன் பொருள். பெயரைச் சேர்ப்பது மனிதரின் கவனத்தைப் பொறுத்தது.

தமிழ்க் கோப்புகளின் நிலை

1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று நடத்தத் தமிழ் நூல்களை மின்பதிப்புகளாகத் தந்தது. அதன் ஒவ்வொரு கோப்பின் தலையிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர், கோப்பை ஆக்கியவர் பெயர்கள் இருக்கும். தலைப்பகுதி சிதையாமல் வைத்துக்கொண்டால் யாரும் இக்கோப்பை இலவசமாகப் பரப்பலாம் என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. காசு கேட்கவில்லை, குறிப்பை அறுக்காதீர்கள் என்று மட்டுமே கேட்டார்கள். அந்தத் தலைப்பகுதியை வெட்டிவிட்டுப் பாடல்களை மட்டும் எடுத்து ஒட்டிய நகல்கள் இணையத்தில் ஏராளம். ஊதியமின்றி உழைத்தவர் பெயரை நீக்கியது மட்டும் அன்று இதன் தீங்கு. எந்தப் பதிப்பை மூலமாகக் கொண்டது என்பதும் அத்துடன் போய்விடுவதால், பாட வேறுபாடு எழும்போது எங்கே சென்று ஒப்பிடுவது என்று தெரியாமற் போகிறது.

இலங்கையில் 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அந்நினைவைச் சுமந்த சமூகத்தில் 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம், ஒவ்வோர் ஆவணத்துக்கும் ஒரு நூலக எண் கொடுக்கிறது. கோப்பின் பெயர் மாறலாம், இடம் மாறலாம். எண் அதனை அடையாளம் காட்டும்.

தனிமனிதர்கள் உருவாக்கும் கோப்புகளில் நிலைமை வேறு. மாணவர்கள் நம்மிடம் கொண்டுவரும் பி.டி.எஃப். நூல்களைத் திறந்து பண்புகள் என்ற பகுதியைப் பார்த்தால், ஆசிரியர் என்ற இடத்தில் யூசர் என்றோ அட்மின் என்றோ இருக்கும். சொற்செயலி, தான் நிறுவப்பட்ட கணினியின் பயனர் பெயரைத் தானாகவே ஆசிரியராக எழுதிக்கொள்கிறது. மாற்றாவிட்டால் அதுவே நிலைக்கிறது. ஒளிவருடும்போது உள்ளடக்கம் இல்லையென்று முகப்புப் பக்கத்தை விட்டுவிடுவோரும் உளர். அச்சிட்ட ஆண்டும் பதிப்பு எண்ணும் அந்தப் பக்கத்தில்தான் இருந்தன.

தமிழுக்கென்றே உரிய இடர்ப்பாடுகள் மூன்று. முதலாவது எழுத்துரு. ஒருங்குறி பரவுவதற்கு முன் திஸ்கி முதலிய பல குறியீடுகள் வழங்கின. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றது 2010இல். அதற்கு முந்தைய கோப்புகளின் தலைப்புகள் இன்று பொருளற்ற குறிகளாகத் தெரிகின்றன. இரண்டாவது பெயர். நமக்குக் குடும்பப்பெயர் வழக்கம் இல்லை, தலையெழுத்து உண்டு. மு. வரதராசன், வரதராசன் மு., மு.வ., டாக்டர் மு.வ. என்று நான்கு விதமாக எழுதினால் பொறிக்கு அவர் நான்கு மனிதர். ஒரு வடிவத்தை முதன்மையாகத் தேர்ந்து ஏனையவற்றை அதனுடன் இணைப்பதே நூலகர் காணும் வழி. மூன்றாவது ஆண்டு. நந்தன வருடம் என்று மட்டும் எழுதிய சுவடி அல்லது பழம்பதிப்பு 1832ஐக் குறிக்கலாம், 1892ஐக் குறிக்கலாம், 1952ஐயும் குறிக்கலாம். அறுபதாண்டுச் சுழற்சியில் எழுதியவருக்குத் தெளிவாக இருந்தது பின்வருவோருக்குப் புதிராகிறது. உள்ளதை உள்ளவாறு எழுதி, உறுதியாகத் தெரிந்தால் மட்டும் நான்கிலக்க ஆண்டைச் சேர்ப்பது நேர்மையான முறை.

மறைக்கத் தக்கவை

எல்லாக் குறிப்பும் எப்போதும் உடன் செல்லவேண்டும் என்பதில்லை. 2003ஆம் ஆண்டு பிப்ரவரியில் பிரித்தானிய அரசு ஈராக் பற்றிய ஆவணம் ஒன்றைச் சொற்செயலிக் கோப்பாகவே வெளியிட்டது. அதைக் கையாண்ட அலுவலர்களின் பெயர்கள் கோப்பின் உட்பதிவில் அப்படியே இருந்ததை வெளியார் கண்டனர். இன்றைய கைபேசிகள் படம் எடுத்த இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகைகளையும் பதிக்க வல்லவை. வீட்டுக் குழந்தையின் படத்தைப் பொதுவெளியில் இடுவோர் அதனை நீக்குவது முறை. கல்வெட்டைப் படமெடுப்போர் அதனைத் தம் மூலக்கோப்பில் காத்து வைப்பது முறை. காவலற்ற கோயிலின் சிற்பமாயின் காத்துவைக்கவும் வேண்டும், வெளியிடாதிருக்கவும் வேண்டும். பல சமூக ஊடகங்கள் படத்தை ஏற்றும்போதே இவ்விவரங்களை நீக்கிவிடுகின்றன என்பதால், அங்கிருந்து திரும்ப எடுத்த படத்தை மூலமாகக் கருதலாகாது.

நாம் செய்யக்கூடியவை

இவ்வேலைக்குப் பெருஞ்செலவு இல்லை. சொற்செயலியில் கோப்பின் பண்புகள் என்ற பகுதியைத் திறந்து தலைப்பு, ஆசிரியர், திறவுச்சொற்கள் ஆகியவற்றை ஒருங்குறித் தமிழில் நிரப்பச் சில மணித்துளிகள் போதும். மின்னூல்களுக்குக் கேலிபர் என்ற இலவச மென்பொருளும், படங்களுக்கும் பி.டி.எஃப். கோப்புகளுக்கும் எக்சிஃப்டூல் என்ற கருவியும் உள்ளன. பழைய நூலை ஒளிவருடுவோர் மேலட்டை முதல் பின்னட்டை வரை எல்லாப் பக்கங்களையும் எடுக்கவேண்டும். நூல் எங்கிருந்து கிடைத்தது, யார் எப்போது வருடினார் என்பதையும் சேர்க்கவேண்டும். கோப்பின் பெயரிலும் நூற்பெயர், ஆசிரியர், ஆண்டு மூன்றும் இருப்பது நலம். உள்ளே எழுதியது ஒருவேளை நீங்கினாலும் வெளியே எழுதியது நிற்கும். வெளியே உள்ளதை ஒருவர் மாற்றினாலும் உள்ளே உள்ளது நிற்கும்.

இலக்கியக் கட்டுரையோ கதையோ எழுதும் நண்பர்களிடம் நாம் தனியே ஒன்று வேண்டுகிறோம். உங்கள் எழுத்து முதலில் எங்கே, எந்த நாளில் வெளிவந்தது என்பதைக் கோப்பின் முடிவில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள். இன்று அதனை நீங்கள் நினைவிலிருந்தே சொல்லிவிடலாம். எழுதியவர் மறைந்து, இதழ் நின்று, தளம் முடங்கியபின் அதே வரியை எழுத ஓர் ஆராய்ச்சியாளருக்கு ஆண்டுகள் தேவைப்படும். தேவைப்பட்டும் கிட்டாது போகலாம். பாரி மகளிரின் பாட்டைப் படியெடுத்த கைகள் பல. அவற்றுள் ஒன்றேனும், பாட்டு முடிந்துவிட்டது, இந்த வரி எதற்கு என்று எழுத்தாணியைக் கீழே வைத்திருந்தால், அவர்கள் யார் என்பது நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.